நீல மாவு

போன மாதம் கொச்சியில், எங்கள் கலூர் ஃப்ளாட்டில் எறும்புக்கு மருந்து வைக்க ஒருவர் வந்தார். கையில் ஊசி போடும் சிரிஞ்ச் போல ஒன்று. சமையல் மேடையின் ஓரத்திலும் சுவிட்ச் போர்டுக்குக் கீழேயும் கடுகளவு கடுகளவாகக் களிம்பைப் பிதுக்கிக்கொண்டே போனார். அந்தக் களிம்புக்கு நிறமே இல்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

"கலர் எதுவும் சேக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு சேட்டா? கலரும் இல்ல, மணமும் இல்ல. வெச்சதே ஆருக்கும் தெரியாது," என்றார் பெருமையாக.

அவர் பெருமையாகச் சொன்ன அந்த விஷயம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் போனதும் டார்ச்சும் பென்சிலுமாகக் கிளம்பி, அவர் வைத்த ஒவ்வொரு பொட்டையும் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றிலும் வட்டம் போட்டேன். பதினேழு வட்டம். மருமகள் சிரித்தாள். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்கிற ஆள். ஆனால் இந்த விஷயத்தில் நான் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த பூச்சி மருந்துக் கம்பெனியில் எறும்புக்கு வைக்கிற மாவில் சலவை நீலம் கலப்போம். பின்னாளில் வந்த பையன்கள் என்னை 'நீலப் பழனி' என்று கேலி செய்வார்கள். ஏன் நீலம் என்று கேட்டால், "சார் ஆரம்பிச்ச வழக்கம்" என்று சொல்லி நழுவிவிடுவேன். இத்தனை வருடத்தில் என் மனைவியிடம் மட்டும்தான் முழுசாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா கடைவீதியில் ஒரு சுக்குக் கிடங்கில் எடை போடுகிறவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். நாலு தெரு நடந்தால் கொங்கணி, குஜராத்தி, உருது என்று என்னென்னவோ காதில் விழும். எழுபத்துமூன்றில் பூச்சி மருந்து அடிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். முதல் ஐந்து வருடம் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு கிடங்கு கிடங்காகக் கரையானுக்கும் கரப்பானுக்கும் மருந்து அடித்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கை நாறும், அதே கையால்தான் சோறு தின்றேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு என்னை லோனப்பன் சாரிடம் போட்டார்கள். சார்தான் எங்கள் சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் குடை. மற்றவர்கள் எல்லாப் பூச்சியையும் பார்த்தார்கள், சார் எறும்பை மட்டும் பார்த்தார். மருந்து அடிப்பது அவருக்கு அறவே ஆகாது. அவர் என்னிடம் பேசியது மலையாளம். நான் தமிழில் எழுதினாலும் அவருடைய 'எடோ' மட்டும் தமிழுக்கு வரமாட்டேன் என்கிறது.

"எடோ பழனி, நீ அடிச்சா வழியில நிக்கறது சாகும். கூட்டுக்குள்ள ராணி சுகமா இருக்கும். நமக்கு வேண்டியது ராணி. அதுக்கு நாம போக முடியாது. இவன்தான் போவான். இவன் கையில கொடுத்து அனுப்பணும்."

இவன் என்றது எறும்பை.

சார் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் எறும்புகளிடம் ஓட்டு வாங்குவார். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டிய அட்டைகள் அவர் பெட்டியில் இருக்கும். ஓர் அட்டையில் வெல்லம், ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் கருவாட்டுப் பொடி. மூன்றையும் எறும்பு போகிற வழியில் ஒரு சாண் இடைவெளியில் வைத்துவிட்டுக் குந்தி உட்காருவார். பேசமாட்டார், என்னையும் பேச விடமாட்டார். அரை மணி நேரம் கழித்து எந்த அட்டையில் கூட்டம் அதிகம் என்று பார்ப்பார். அதற்கேற்றபடிதான் மாவு. கலக்கிற விஷம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. கேரம் போர்டில் தூவுவோமே, அந்த போரிக் பவுடர்தான். ரகசியம் அளவில் இருந்தது. நூறு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

முதல் தடவை என்னைத் தனியாகக் கலக்கச் சொன்னபோது, சீக்கிரம் முடியட்டுமே என்று ஒரு கரண்டி கூடவே போட்டேன். ஒரு பலகாரக் கடைக்கு வைத்தோம். மறுநாள் போனால் அட்டையைச் சுற்றி எறும்புகள் செத்துக் குவிந்து கிடந்தன. கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். சார் செத்த எறும்புகளை ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளி என் சட்டைப் பையில் போட்டார்.

"வீட்டுக்குப் போய்ச் சேராத கூலிக்காரனை வெச்சு நான் என்ன செய்ய?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் ஒருநாளும் உயர்த்தியதில்லை. எனக்கு அதுதான் அதிக பயம்.

சாருக்கு மூன்று சட்டங்கள் உண்டு. மாவு வைத்த இடத்தில் எறும்பு வரிசையைத் துடைக்கக் கூடாது, மருந்தும் அடிக்கக் கூடாது. மாவு டப்பா நம் கையை விட்டுப் போகக் கூடாது. மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. மாவு வைக்கும் முன் அந்த இடத்துக்கு யார் பொறுப்போ அவரை உட்கார வைத்து, டப்பாவைத் திறந்து காட்டி, இது விஷம் என்று அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். தலையாட்டினால் சார் ஒப்புக்கொள்ளமாட்டார். இதற்காகவே அந்த ஒரு சொல்லை அவர் ஐந்தாறு பாஷையில் கற்று வைத்திருந்தார். கொங்கணி வீட்டில் 'விக்'. உருது பேசுகிற வீட்டில் 'ஜஹர்'. குஜராத்தி வீட்டில் 'ஜேர்'. பெரிய பெரிய சேட்டுகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி டப்பாவைப் பார்த்து 'ஜேர்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். சார் சிரிக்கமாட்டார்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, மழை முடிந்த சமயம். கடைவீதிக்குப் பின்னால் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பன்னிரண்டு கட்டில். ஒரு குஜராத்தி தர்ம டிரஸ்ட் நடத்தியது, பெயர் வேண்டாம். கிடங்குகளில் சுக்கு பொறுக்குகிற, மிளகு புடைக்கிற பெண்கள்தான் பெரும்பாலும் அங்கே வருவார்கள். காசு கிடையாது. மூன்று வேளையும் நெய் மணக்கிற சைவச் சாப்பாடு. அங்கே எறும்பு ஏறிவிட்டது என்று டாக்டரம்மா ஆள் அனுப்பியிருந்தார்.

கடுகில் பாதி இருக்கும், வெளிறின மஞ்சள் எறும்பு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வாட்ச்மேன் ஒரு வாரத்துக்கு முன்னால் மூட்டைப்பூச்சி மருந்தைக் கை பம்ப்பில் ஏற்றி அடித்திருக்கிறார். இந்த ஜாதி எறும்பு அப்படி அடித்தால் சாகாது. ஒரு கூடு கலைந்து ஐந்து கூடாகும். சமையலறைப் பக்கம் மட்டும் இருந்தது இப்போது வார்டு முழுக்கப் பரவியிருந்தது. வார்டின் மூலையில் குறைப் பிரசவத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை. கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டிக்குள் பல்பு எரிய, அந்தச் சூட்டில் படுக்க வைத்திருந்தார்கள். பெட்டியின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றன. இருந்தும் எறும்பு உள்ளே இருந்தது. சார் குந்தி உட்கார்ந்து ஒரே ஓர் எறும்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணாலேயே தொடர்ந்தார். அது சுவரில் ஏறி, மேலே மின்சார வயரை மூடியிருந்த மரப்பட்டைக்குள் நுழைந்தது. அங்கிருந்து பல்பு வயர் வழியாக நேரே குழந்தையிடம்.

சைவ ஆஸ்பத்திரி என்பதால் கருவாட்டுப் பொடியை எடுக்கவில்லை. வெல்லம், கடலை எண்ணெய், நெய்யில் வறுத்த கோதுமை மாவில் பால் பொடியும் சர்க்கரையும் என்று மூன்று அட்டை வைத்தோம். எல்லா எறும்பும் மாவுக்கே ஓட்டுப் போட்டன.

பிறகு காந்தா பென்னைக் கூப்பிட்டார்கள். பென் என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. டிரஸ்டில் மூத்தவர், அறுபது வயது, வெள்ளைச் சேலை. கொச்சியிலேயே பிறந்தவர் என்பதால் நன்றாக மலையாளம் பேசுவார். தினமும் காலையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் பிசைந்து கொண்டுவந்து, முற்றத்தில் ஒவ்வோர் எறும்புப் புற்றின் வாயிலும் ஒரு சிட்டிகை வைப்பார். முப்பது வருடப் பழக்கம். எறும்புக்குச் சோறு போட்ட பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும்.

சார் டப்பாவைத் திறந்தார். "பென், இது விஷம். உங்க பாஷையில ஜேர். ஒரு தரம் சொல்லுங்க."

பென் சொல்லவில்லை. "ஓட்டி விடு. கொல்லக் கூடாது."

"ஓட்ட எனக்குத் தெரியாது பென்."

"அப்போ வேண்டாம்."

சார் டப்பாவை மூடினார். டாக்டரம்மா பின்னாலேயே ஓடிவந்து கெஞ்சினார். "பொறுப்பானவங்க வேண்டாம்னாங்க. அவங்க சம்மதிச்சா ஆள் அனுப்புங்க, வரேன்," என்று சார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அட்டைகளைப் பொறுக்கி எடுக்க நான் வார்டுக்குத் திரும்பினேன்.

குழந்தையின் தாய் மரகதம் தமிழ்ப் பெண். சுக்குக் கிடங்கு வேலை. என் அப்பாவைத் தெரியும் என்றாள். பெட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஈரத் துணி முனையால் குழந்தைமேல் ஏறும் எறும்பை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"அண்ணா, மூணு நாளா உறங்கல. கண்ணசந்தா தொப்புள்ல போய் மொய்ச்சிடுது. நேத்து கண்ணோரத்துல ஒண்ணு இருந்திச்சு. நீங்க ஒண்ணும் வெக்காமப் போறீங்களாமே?"

குழந்தை என் முன்கை நீளம்கூட இல்லை. அழக்கூடச் சக்தியில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. உதட்டோரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி நகர்ந்தது. மரகதம் அதை ஒற்றி எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் நேராக முற்றத்துக்குப் போனேன். பென் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பென், சார் சொன்னது வேற மருந்து. எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. அது தீனிதான். நீங்க போடற மாதிரியே மாவும் நெய்யும். அத வெச்சா குழந்தைய விட்டுட்டு இதுக்கு வந்துடும். அப்பிடியே வெளிய போயிடும்."

"சாகாதே?"

"சாகாது."

அந்த அம்மாள் முகம் எப்படி மலர்ந்தது என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கம்பெனிக்கு ஓடிப்போய்ச் சாரிடம் பென் சம்மதித்துவிட்டார் என்றேன். சார் கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிராமல், "ஜேர் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"சொன்னாங்க சார்."

ஒரே மத்தியானத்தில் இரண்டு பொய். அதில் இரண்டாவதற்குத்தான் அப்போது அதிகம் பயந்தேன்.

மறுநாளே மூன்றாவது தப்பையும் செய்தேன். அந்தச் சமயம் எனக்குக் காலையில் ஐலண்டில் தேயிலைக் கிடங்கு வேலை. படகேறிப் போய்விட்டால் சாயங்காலம்தான் திரும்ப முடியும். காலையில் யார் மாவு வைப்பது? "நான் போடறேன் பாய். எனக்கு எல்லா ஓட்டையும் தெரியும்," என்றார் பென். பாய் என்றால் அவர்கள் பாஷையில் தம்பி. டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டேன். அரைக் கிலோ இருக்கும். தீனி என்று நானே சொன்ன பிறகு, கொடுக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பென் வைத்ததுபோல அந்த மாவை நானோ சாரோ வைத்திருக்க முடியாது. மரப்பட்டையின் விரிசல், கதவு நிலையின் மூலை, அடுப்புக்குப் பின்னால் சூடான சுவர் என்று எறும்பு எங்கே வாய் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் இரண்டு நாள் எறும்பு கூடியது. இது எப்போதும் நடப்பதுதான். ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாவுக்குக் கூடிய எறும்பு பெட்டிக்குள்ளும் கூடிவிட்டால்? மூன்றாம் நாள் ஆயா ஒருத்தி பினாயில் துணியோடு சுவரைத் துடைக்கப் போய், நான் கத்தியதில் வாளியைக் கவிழ்த்துவிட்டாள். நாலாம் நாளும் குறையவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் வயரில் வரிசை அறுந்து அறுந்து தெரிந்தது. எட்டாம் நாள் போனபோது மரகதம் ஸ்டூலிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஐலண்டுக்குப் படகு ஓடவில்லை. காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததுமே நெய்யில் வறுத்த கோதுமை வாசனை. பிரசவித்த பெண்களுக்கு அவர்கள் காலையில் கொடுக்கிற ஷீரா. நம் கேசரி மாதிரி, ரவைக்குப் பதில் கோதுமை மாவு. மாவு, நெய், சர்க்கரை, கொஞ்சம் பால். தினமும் செய்கிறதுதான். ஆனால் நான் வருவது சாயங்காலம் ஆனதால் அன்றுதான் அந்த வாசனை என் மூக்கில் பட்டது. அது எங்கள் கம்பெனிப் பின்கட்டில் மாவு வறுக்கும்போது வருகிற அதே வாசனை.

டப்பாவைத் தேடினேன். பென் அதைப் பூஜை மாடத்துக்குக் கீழே வைப்பது வழக்கம். அங்கே இல்லை. சமையலறைக்குப் போனேன். மேடைமேல் எங்கள் டப்பா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டு, சொட்டுச் சொட்டாக நீர் வடிந்துகொண்டிருந்தது.

"இதில இருந்த மாவு எங்க?" என்றேன் சமையல்காரரிடம்.

அவர் வாணலியிலிருந்து நிமிர்ந்து, "எனக்கென்ன தெரியும்? காலி டப்பா இங்க இருந்தது, கழுவி வெச்சேன். பென் கோயிலுக்குப் போயிருக்காங்க," என்றார்.

"ஷீராவுக்கு மாவு யார் எடுத்துக் கொடுத்தது?"

"பென்தான். தினமும் அவங்கதானே?"

எப்படி வார்டுக்குப் போனேன் என்று தெரியாது. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு தட்டு. "யாரும் திங்காதீங்க! விஷம்! அது விஷம்!" என்று கத்தினேன். ஒரு தட்டு கீழே விழுந்தது. ஒரு பெண் விரலை வாய்க்குள் விட்டு ஓங்கரித்தாள். டாக்டரம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். எத்தனை கிலோ மாவு, எவ்வளவு போரிக், என்றைக்குக் கலந்தது என்று அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். தீனி என்று பென்னிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நர்ஸுகள் தட்டுகளைப் பிடுங்கினார்கள்.

மரகதத்தின் தட்டு காலியாக இருந்தது.

"அண்ணா," என்றாள். "நான் தின்னுட்டு, பால் பீச்சி, பாலாடையில பாப்பாவுக்கும் கொடுத்தேனே."

பென் கோயிலிலிருந்து வரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே நின்றார். நான் பெட்டிக் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர்களை இந்த அளவு ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தையை? எனக்குத் தெரியாது. கலக்கிய எனக்கே தெரியாது. அது வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் மாவு கலக்கிய என் கையைப் பார்த்தேன்.

பென் உள்ளே வந்தார். "என்ன, எல்லாரும் நிக்கறீங்க?"

"பென், டப்பாவுல இருந்த மாவு?"

"போட்டுட்டேனே பாய். இன்னிக்குப் பௌர்ணமி இல்லையா? என் மாவையும் சேர்த்துப் பிசைஞ்சு முற்றம், கிணத்தடி, மதில் சுத்தி எல்லாத்துக்கும் விருந்து."

"சமையலுக்கு எடுக்கலையே? ஷீராவுக்கு?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எறும்புக்குன்னு வெச்சத எடுத்து மனுஷனுக்குக் கொடுப்பேனா நான்?"

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சரிந்தார். மரகதம் அழ ஆரம்பித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. பென் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கேக்கறே?"

நான்தான் சொல்ல வேண்டும். "பென், அது தீனி இல்ல."

"சாகாதுன்னு சொன்னே."

"சொன்னேன்."

அவர் திட்டவில்லை. முற்றத்துக்குப் போய் மதில் ஓரத்தில் குந்தினார். காலையில் வைத்த மாவு குவியல் குவியலாக இருந்தது. வார்டுக்குள் ஒருநாளும் வராத கறுப்பு எறும்புகளும் அதை மொய்த்திருந்தன. அவர் இரண்டு கையாலும் மாவைக் கிண்ணத்தில் வழிக்க ஆரம்பித்தார். மாவோடு எறும்பும் கிண்ணத்துக்கு வந்தது, கையிலும் ஏறியது. பிரித்து எடுக்க முடியவில்லை. நான் உதவிக்குக் குனிந்தேன். "நீ தொடாதே," என்றார்.

கம்பெனியில் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துதான் சொன்னேன். சார் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, "ஜேர் சொன்னாங்களான்னு கேட்டேன். சொன்னாங்கன்னே," என்றார். அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை. முதலாளியிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு பொட்டலம் சலவை நீலம் இருந்தது. "இனி நம்ம மாவு இந்த நிறம். பார்த்தா எவனுக்கும் திங்கத் தோணக் கூடாது," என்றார். எறும்பு தொடுமா என்று பயந்தேன். அதற்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை.

நாலு நாள் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து மறுபடி ஆள் வந்தது. கூட்டில் மிச்சமிருந்த முட்டைகள் பொரிந்திருக்க வேண்டும், வயரில் மஞ்சள் எறும்பு இறங்குகிறது. குழந்தை இன்னும் பத்து நாளாவது பெட்டியில் இருந்தாக வேண்டும். சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வரமாட்டேன் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பென் முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். அன்றைய சம்பவத்துக்குப் பிறகு அவர் எறும்புக்கு மாவு வைக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று ஆயா சொன்னாள். சார் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். நீல மாவு.

"பென், இது விஷம். எறும்பு சாகும். கூட்டோட சாகும். இத வெக்கலைன்னா அது குழந்தைமேல ஏறும். வேற வழி எனக்குத் தெரியாது. நீங்க வேண்டாம்னா இப்பவும் எழுந்து போயிடறேன்."

பென் எழுந்து வார்டுக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெட்டிமேல் குனிந்து நின்றார். மரகதம் துணி முனையால் எதையோ ஒற்றி எடுத்து அவரிடம் காட்டினாள். அவர் அதைத் தன் விரல் நுனியில் வாங்கி, ஜன்னல் கட்டைமேல் நடக்க விட்டார். பிறகு திரும்பி வந்தார். டப்பாவுக்குள் பார்த்தார்.

"ஜேர்," என்றார்.

சார் தலையசைத்தார். "பழனி வைப்பான்."

நான் டப்பாவையும் கரண்டியையும் எடுத்தேன். பென் கையை நீட்டி என்னிடமிருந்து டப்பாவை வாங்கினார்.

"வேண்டாம். அதுங்களுக்கு என் கைதான் பழக்கம்."

டப்பா நம் கையை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். சாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டப்பாவின் அடிப்பக்கத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன், பென் முன்னால் நடந்தார். மரப்பட்டை விரிசலில் ஒரு சிட்டிகை வைத்தார். "ஜேர்" என்றார். இந்தத் தடவை எங்களுக்காகச் சொல்லவில்லை, விரிசலுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் உள்ளே இருந்த எறும்புகளிடம் சொன்னார். கதவு நிலையில் ஒரு சிட்டிகை. ஜேர். அடுப்புச் சுவரில். ஜேர். அதன் பிறகு பன்னிரண்டு நாள், குழந்தை தாயோடு வீட்டுக்குப் போகும்வரை, காலையில் ஒரு வாய் வெந்நீர்கூடக் குடிக்காமல் வந்து அந்த அம்மாள் ஒவ்வொரு சிட்டிகையையும் அப்படித்தான் வைத்தார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.